ஹேர்ப்பீஸ் இரத்தப் பரிசோதனையில 1.7 பொசிற்றிவ்: எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: ஹேர்ப்பீஸ் 2 (உறவால தொத்துற, கொப்புளம் போடவைக்கிற வைரஸ்) ஐஜிஜி எண்ட இரத்தச் சோதனையில 1.7, பொசிற்றிவ் எண்டு வந்திருக்கு. ஐஜிஎம்மும் பொசிற்றிவ். எனக்கு ஒரு கொப்புளமும் வந்ததில்லை. தையில கலியாணம். நிப்பாட்டுறதா?

தம்பி, நிப்பாட்டாதேங்கோ. முதல்ல அந்தத் தாளைத் திருப்பி எடுத்துப் பாருங்கோ.

எனக்கும் இப்பிடி ஒரு தாள் வந்தது. வெளிநாட்டு அலுவல் ஒண்டுக்காக முழு இரத்தப் பரிசோதனை குடுத்தனான். றிப்போட்டில ‘பொசிற்றிவ்’ தடிச்ச எழுத்தில கிடந்தது, பக்கத்தில 1.4 எண்டு சின்னதா ஒரு இலக்கம். தந்தவர் ஒரு விளக்கமும் சொல்லேல்லை. ஆஸ்பத்திரி வீதியில சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு அந்தத் தடிச்ச எழுத்தையே வாசிச்சன். பிறகு மூண்டு கிழமை வீட்டில ஒருத்தரோடயும் ஒழுங்காக் கதைக்கேல்லை. தங்கச்சியின்ர பிள்ளை மடியில ஏற வந்தா எழும்பிப் போயிடுவன். அந்த மூண்டு கிழமை உங்களுக்கு வரக்கூடாது எண்டுதான் இதை எழுதுறன்.

ஐஜிஜி எண்ட இந்தப் பரிசோதனை வைரஸைத் தேடுறதில்லை. வைரஸின்ர மேலுறையில இருக்கிற ஒரு புரதத்துக்கு எதிரா உடம்பு செய்த எதிர்ப்பொருள் இரத்தத்தில இருக்கோ எண்டுதான் பாக்கும். பரவலாப் பாவிக்கிற முறையில 0.9க்குக் கீழ நெகற்றிவ், 1.1க்கு மேல பொசிற்றிவ், இடைப்பட்டது நிச்சயமில்லாதது. ஆனா 1.1ஐத் தாண்டின எல்லா இலக்கமும் ஒண்டில்லை. வேற எதிர்ப்பொருள் ஏதும் கொஞ்சம் ஒட்டினாலே கோட்டைத் தாண்டிடும். அதாலதான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின்ர 2021 வழிகாட்டல், இலக்கம் 3.0 வரைக்கும் இருந்தா வேற முறையில இன்னொருக்கா உறுதிப்படுத்தச் சொல்லுது. உங்கட 1.7 அதுக்குள்ளதான் நிக்குது.

பிழை எவ்வளவு வரும்? அமெரிக்காவின்ர தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2016இல ஒரு கணக்குக் காட்டினது. அந்த நாட்டுச் சனத்தில 10,000 பேரை இப்பிடிச் சோதிச்சா ஏறத்தாழ 1,485 பேருக்குச் சரியான பொசிற்றிவ் வரும், 1,445 பேருக்குப் பிழையான பொசிற்றிவ் வரும். கிட்டத்தட்டச் சரிபாதி! அறிகுறி ஒண்டும் இல்லாத ஆக்களுக்கு இந்தச் சோதனையைச் செய்யவேண்டாம் எண்டு அவை சொல்லுறது இதாலதான். நோய் எவ்வளவு குறைவோ, பொசிற்றிவ் வந்தவையில பிழையின்ர பங்கு அவ்வளவு கூடும்.

ஐஜிஎம் எண்டது தொத்தினவுடன முதல்ல வாற எதிர்ப்பொருள், அதை விட்டுடுங்கோ. அது ஹேர்ப்பீஸ் 1ஐயும் 2ஐயும் ஒழுங்காப் பிரிச்சுக் காட்டாது, பழைய தொற்றுத் திரும்பக் கிளம்பினாலும் வரும். ஹேர்ப்பீஸ் 1 பொசிற்றிவ் எண்டு வந்திருந்தாலும் திடுக்கிடவேண்டாம். உலகத்தில 50 வயசுக்குக் கீழ்ப்பட்டவையில மூண்டில ரெண்டு பங்குக்கு அது இருக்கு, கனபேருக்குச் சின்ன வயசில வாயால தொத்தினது.

நான் கடைசியில யாழ். போதனா வைத்தியசாலையில இருக்கிற பாலியல் நோய் சிகிச்சை நிலையத்துக்குப் போனனான். காசு இல்லை, விசயம் வெளிய போகாது. அங்க இருந்த டொக்டரம்மா பென்சிலால 1.4ஐச் சுத்தி ஒரு வட்டம் போட்டு, “இதைத்தான் பாக்கவேணும், அந்தச் சொல்லை இல்லை” எண்டவா. கடைசியா உறவு வச்சது எப்ப, கொப்புளம், எரிவு ஏதும் வந்ததோ எண்டு ஆறுதலாக் கேட்டவா. பிறகு வேற முறையில செய்விச்சதில நெகற்றிவ் வந்தது.

என்ர கதை அப்பிடி முடிஞ்சதால உங்கடையும் அப்பிடித்தான் முடியும் எண்டு சொல்லமாட்டன். 1.7இலயும் உண்மையான தொற்று இருக்கலாம். தொற்று உள்ள கனபேருக்கு அறிகுறியே தெரியாது. இலக்கம் அஞ்சு, எட்டு எண்டு வந்திருந்தா வேற மாதிரித்தான் கதைச்சிருப்பன். மற்றப் பக்கமாவும் பிழை வரும்: தொத்தி 12 கிழமை ஆகமுன்னம் செய்தா நெகற்றிவ் எண்டு காட்டலாம்.

ஆகத் திருத்தமான ‘வெஸ்டர்ன் புளொட்’ சோதனை சியாற்றிலில இருக்கிற வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலதான் செய்யினம், யாழ்ப்பாணத்தில இருந்து அதுக்கு அலையத் தேவையில்லை. வேற முறையில, தொத்தியிருக்கலாம் எண்ட நாளில இருந்து 12 கிழமை கழிச்சு, டொக்டர் சொல்லுற இடத்தில செய்யுங்கோ. இடையில கொப்புளம் வந்தா ஒண்டும் பூசாமல் அண்டைக்கோ அடுத்த நாளோ ஓடிப்போய்க் காட்டுங்கோ. கொப்புளத்தில இருந்து எடுத்து வைரஸையே நேராத் தேடுற பிசிஆர் சோதனை, இரத்தத்தை விட எவ்வளவோ தெளிவாச் சொல்லும்.

உறுதியானா நீங்கள் கட்டப்போற பிள்ளைக்குச் சொல்லத்தான் வேணும். மருந்து இருக்கு, அவவுக்குத் தொத்துறதைக் குறைக்கலாம். கர்ப்பத்தின்ர கடைசி மாதங்களில தாய்க்குப் புதுசாத் தொத்தினாத்தான் குழந்தைக்கு ஆபத்துக் கூட, அதால டொக்டருக்கும் தெரிஞ்சிருக்கவேணும். உறுதியாகமுன்னம் ரெண்டு வீட்டாருக்கும் சொல்லிக் குழப்பாதேங்கோ.

போகேக்க முழு றிப்போட்டையும் கொண்டுபோங்கோ, இலக்கமும் சோதனை முறையின்ர பெயரும் இருக்கிற பக்கம் கட்டாயம் வேணும். போனில எடுத்த படத்தில அடிப்பக்கம் வெட்டுப்பட்டிடும்.