திருதராஷ்டிரனின் பிள்ளைப் பற்று எதைக் காட்டுகிறது?

பற்று என்பது வெறும் பாசம் இல்லை. நியாயம் எந்தப் பக்கம் என்று தெரிந்த பிறகும், ‘என்னுடையது’ என்பதற்காகவே ஒன்றை விடாமல் பிடித்துக்கொள்வது.

மகாபாரதத்தில் திருதராஷ்டிரனுக்கு நல்லது சொல்ல ஆள் இல்லாமல் இல்லை. சூதாட்டம் வேண்டாம் என்று விதுரர் தடுத்தார். அது சரி என்று அரசனுக்கும் தெரியும். ஆனால் மகன் துரியோதனனின் முகம் வாடினால் தாங்காது. ஆட்டம் நடக்கும்போது ‘ஜெயித்தாயிற்றா, ஜெயித்தாயிற்றா?’ என்று ஆவலை மறைக்க முடியாமல் கேட்டுக்கொண்டே இருந்தார் என்கிறது சபா பருவம். பார்வை இல்லாததைவிட இதுதான் பெரிய குருடு, என்னைக் கேட்டால்.

இழந்துவிடுவோமோ என்ற பயம்தான் இதற்கு வேர். உள்ளங்கையைக் கண்ணோடு ஒட்டி வைத்தால் எதிரே இருக்கும் மலைகூடத் தெரியாது அல்லவா, அதுபோல. அப்புறம், போர் முடிந்து பிள்ளைகள் எல்லாம் போன பின்னும், அவர்களைக் கொன்ற பீமன் என்று நினைத்து இரும்புச் சிலையைக் கட்டிப்பிடித்து நொறுக்குகிறார்.

பற்றை விடுவது என்றால் பிள்ளையை வெறுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வெற்றிக்கு ஆசி கேட்ட துரியோதனனிடம் ‘தர்மம் எங்கோ அங்கே வெற்றி’ என்று மட்டுமே சொன்ன காந்தாரிதான், போர்க்களத்தில் அவன் உடலைக் கண்டு மயங்கி விழுந்தவளும்.