அரியர் இருக்கிறது, சேர்மன் பதவிக்கு நிற்கலாமா?

கேள்வி: மதுரையில் அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் பி.ஏ. பொருளியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறேன். மூன்றாம் ஆண்டு போனதும் மாணவர் பேரவைத் தேர்தலில் சேர்மன் பதவிக்கு நிற்க ஆசை. ஒரு அரியர் இருக்கிறது. எதிரில் நிற்கப்போகிறவர் வசதியானவர், இப்போதே ஃப்ளெக்ஸ் பேச்சு நடக்கிறது. "நம்ம ஆளுக ஓட்டு மொத்தமா விழும், நாங்க பாத்துக்கிறோம்" என்று ஊர்ப் பையன்கள் சொல்கிறார்கள். பொம்பளப் பிள்ளைக்கு வைஸ் சேர்மன் போதும் என்கிறார்கள் வேறு சிலர். கேஸாகிவிடும் என்று அம்மா பயப்படுகிறார். என்ன செய்யட்டும்?

பதில்: நில்லுங்கள். சேர்மனுக்கே நில்லுங்கள். ஆனால் அதற்கு முன்னால் அந்த அரியரை முடித்துவிடுங்கள்.

கல்லூரித் தேர்தல்களுக்கு அடிப்படையாக இருப்பவை முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையிலான குழு கொடுத்த பரிந்துரைகள். இவற்றைப் பின்பற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பரில் உத்தரவிட்டது. போட்டியிடும் ஆண்டில் வேட்பாளருக்கு அரியர் இருக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. ஆகவே ஏப்ரல் தேர்விலேயே அதை எழுதித் தேறிவிடுங்கள். வேட்புமனு போடும் நாளில் மதிப்பெண் பட்டியல் கையில் இருந்தால் யாரும் வாய் திறக்க முடியாது.

அடுத்தது வருகைப் பதிவு. 75 சதவீதம், உங்கள் பல்கலைக்கழகம் வைத்திருக்கும் அளவு, இரண்டில் எது அதிகமோ அது வேண்டும். வெளியூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களுக்கு முதல் மணி நேரம்தான் அடிக்கடி போகும். செக்கானூரணியில் பத்து நிமிடம் நின்றாலே வகுப்புக்குப் பிந்திவிடும். துறையில் உங்கள் கணக்கு எவ்வளவு என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இளங்கலை மாணவர்களுக்கு வயது 17 முதல் 22 வரை. தொலைநிலைக் கல்வி மாணவர் நிற்க முடியாது. கல்லூரி ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானவரும் நிற்க முடியாது.

வைஸ் சேர்மன் போதும் என்கிறவர்களுக்கு விதியிலேயே பதில் இருக்கிறது. நிர்வாகிப் பதவிக்கு ஒரு மாணவர் ஒரே ஒரு முறைதான் போட்டியிடலாம். செயற்குழு உறுப்பினர் பதவிக்கு மட்டும் இரண்டு முறை. வைஸ் சேர்மனும் நிர்வாகிதான். மற்றவர்கள் சொன்னார்கள் என்று அதற்கு நின்றால் உங்களுக்கான ஒரே வாய்ப்பும் அதோடு முடிந்தது. பெண் பிள்ளைகளை இரண்டாவது நாற்காலிக்கு ஒதுக்கிவைக்கும் வழக்கம் நம் பக்கத்துக் கல்லூரிகளில் இன்னும் போகவில்லை. அதற்கு நீங்கள் இடம் கொடுக்க வேண்டாம்.

உங்கள் கல்லூரியில் எல்லா மாணவர்களும் நேரடியாக ஓட்டுப் போடுகிறார்களா, இல்லை கிளாஸ் ரெப்கள் கூடிச் சேர்மனைத் தேர்ந்தெடுக்கிறார்களா? இது தெரியாமல் ஒரு அடி வைக்காதீர்கள். ரெப் முறை என்றால் முதலில் உங்கள் வகுப்பில் ஜெயிக்க வேண்டும். அப்புறம் ஒவ்வொரு வகுப்பிலும் யார் ரெப் ஆவார் என்பதைக் கவனிக்க வேண்டும். நேரடி ஓட்டு என்றால் சுயநிதிப் பிரிவுக்கும் மாலை ஷிப்டுக்கும் ஓட்டு உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால் அங்கேதான் முதலில் போக வேண்டும். காலை ஷிப்டு வேட்பாளர்கள் பெரும்பாலும் எட்டிப் பார்க்காத இடம் அது. கேண்டீன் மூடிய பிறகு வகுப்புக்கு வருகிறவர்கள் அவர்கள். குறையைக் கேட்டாலே மனம்விட்டுப் பேசுவார்கள்.

இனி ஊர்ப் பையன்கள் சொன்னது. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது இதுதான். சாதி, மத உணர்வைச் சொல்லி ஓட்டுக் கேட்கக் கூடாது என்று நடத்தை விதி தெளிவாகச் சொல்கிறது. விதி கிடக்கட்டும், கணக்கைப் பாருங்கள். எந்தச் சாதியும் ஒரு கல்லூரியில் தனியாகப் பெரும்பான்மை ஆவது அரிது. ஒரு பக்கம் சேர்வது தெரிந்தால் எதிர்ப்பக்கமும் சேரும். நடுவில் உங்களை விரும்பிய பிள்ளைகள் ஒதுங்கிவிடுவார்கள். ஜெயித்தாலும் ஹாஸ்டல் சாப்பாட்டுப் பிரச்சினைக்காக நீங்கள் போய் நிற்கும்போது "அவ அவங்க ஆளுகளுக்குத்தான் பேசுவா" என்பார்கள். கையில் கட்டும் கயிற்றின் நிறத்தைப் பார்த்துப் பழகும் நிலை நம் மாவட்டங்களில் எவ்வளவு பிள்ளைகளின் படிப்பைக் கெடுத்திருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும்.

அவர்களைப் பகைத்துக்கொள்ளவும் வேண்டாம். நேராகச் சொல்லிவிடுங்கள்: "அண்ணே, எனக்கு ஓட்டுப் போடுங்க, சந்தோஷம். ஆனா சாதியைச் சொல்லி ஒருத்தர்கிட்டயும் கேக்காதீங்க. கேட்டீங்கன்னு தெரிஞ்சா நானே மனுவை வாபஸ் வாங்கிருவேன்." சொன்னால் அதில் நிற்க வேண்டும். உங்களை முன்மொழிகிறவரும் வழிமொழிகிறவரும் வேறு துறை, வேறு ஊர்ப் பிள்ளைகளாக இருக்கட்டும். பத்துக் கூட்டத்தில் பேசிப் புரியவைக்க வேண்டியதை அந்த இரண்டு கையெழுத்தே சொல்லிவிடும்.

ஃப்ளெக்ஸைப் பற்றிப் பயமே வேண்டாம். அச்சடித்த போஸ்டர், நோட்டீஸ் எதற்கும் அனுமதி கிடையாது. கையால் எழுதிய போஸ்டரை, கல்லூரி ஒதுக்கிய இடத்தில் மட்டும் ஒட்டலாம். ஒலிபெருக்கியும் வாகனமும் கூடாது. மொத்தச் செலவு வரம்பு 5,000 ரூபாய். அரசியல் கட்சிப் பணம் கூடாது, மாணவர்கள் விரும்பிக் கொடுப்பதை வாங்கலாம். எதிரணி ஃப்ளெக்ஸ் வைத்தால் கிழிக்காதீர்கள், கிழிக்க ஆளும் அனுப்பாதீர்கள். தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, தேர்தல் குறைதீர்ப்புக் குழுவிடம் எழுத்தில் புகார் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் படத்தை வைத்து வாட்ஸ்அப்பில் யாராவது அசிங்கம் செய்தாலும் இதே வழிதான். ஸ்கிரீன்ஷாட்டோடு அன்றைக்கே புகார் கொடுங்கள், நாள் தள்ளாதீர்கள்.

வாக்குறுதியைக் குறைவாகக் கொடுங்கள். சேர்மனால் கட்டணத்தைக் குறைக்க முடியாது. உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கத்திலிருந்து வரும் மாணவர்களிடம் கையெழுத்து வாங்கி, முதல்வர் வழியாகப் போக்குவரத்துக் கழகத்திடம் காலை பஸ் நேரத்தை மாற்றச் சொல்லி மனு கொடுக்க முடியும். பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று வாரா வாரம் பார்த்து எழுதிக் கொடுக்க முடியும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழுவில், மாணவர் தொடர்பான புகார் என்றால் தேர்தல் மூலம் வந்த மூன்று மாணவப் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்பது 2015 யு.ஜி.சி. விதி. உங்கள் கல்லூரியில் அந்தத் தேர்தல் நடக்கிறதா? இல்லை என்றால் நடத்தவைப்பேன் என்று சொல்லுங்கள். அதற்கு மட்டுமே உங்களுக்கு ஓட்டுப் போடும் மாணவிகள் இருப்பார்கள்.

அம்மாவின் பயம் நியாயமானது. பிரச்சினைகள் பெரும்பாலும் கல்லூரி வாசலுக்கு வெளியே, ஊர்வலத்திலும் பைக் கூட்டத்திலும்தான் வரும். பிரசாரத்துக்காக வளாகத்துக்கு வெளியே ஊர்வலமும் கூட்டமும் விதிப்படியே கூடாது. வேலை முழுவதும் உள்ளேயே, கடைசி பஸ்ஸுக்கு முன்னால் முடியும் என்று சொல்லுங்கள். மனு தாக்கலிலிருந்து முடிவு வரை மொத்தமே பத்து நாள்தான். ஒரு நாள் அவரைக் கூட்டிவந்து உங்கள் துறைத் தலைவரிடம் பேசவையுங்கள்.

மனுவில் பெயரைக் கல்லூரிப் பதிவேட்டில் உள்ளபடியே எழுதுங்கள். ஒரு இனிஷியல் மாறினாலும் பரிசீலனையில் தள்ளுபடி ஆகலாம். எண்ணிக்கை முடியும்வரை உங்கள் ஏஜெண்ட் அறையை விட்டு நகரக் கூடாது. முடிவில் சந்தேகம் இருந்தால் மூன்று வாரத்துக்குள் குறைதீர்ப்புக் குழுவிடம் போகலாம். சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, டீ என்று ஒவ்வொன்றுக்கும் பில் வைத்திருங்கள். முடிவு அறிவித்த இரண்டு வாரத்துக்குள் கணக்கைக் கொடுத்தாக வேண்டும், கொடுக்காவிட்டால் ஜெயித்ததும் செல்லாமல் போகலாம்.