பதில்: மழைக்கு முன் வெங்காயம் பிடுங்கலாமா?

வங்கக் கடலில் தாழ்வுப் பகுதி உருவாகிறதாம், தாராபுரத்தில் 65 நாள் ஆன சின்ன வெங்காயத்தை என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். ஐயா, கடலோர எச்சரிக்கை நமக்கில்லை என்று இருந்துவிடாதீர்கள். 2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், திண்டுக்கல் வழியாகத்தான் கேரளத்துக்குப் போனது.

நாலைந்து செடியின் கழுத்தை, அதாவது வெங்காயத்துக்கு மேலே தாள் (இலை) தொடங்கும் இடத்தை, விரலால் நசுக்கிப் பாருங்கள். மெலிந்து துவண்டு, தாளும் பெரும்பாலும் சாய்ந்திருந்தால் இன்றே பிடுங்குங்கள். தாளோடு நிழலில் காற்றாட உலர்த்துங்கள். ஈரத்தோடு பட்டறையில் (வெங்காயம் சேமிக்கும் அமைப்பில்) போட்டால் ஒரே வாரத்தில் அழுகல் வாடை கிளம்பிவிடும், நானே இழந்திருக்கிறேன்.

கழுத்து தடித்துப் பச்சையாக இருந்தால் பிடுங்கவே வேண்டாம். தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்தி, வடிகால் வெட்டுங்கள். சென்னை வானிலை மையத்தின் மாவட்ட அறிவிப்பைத் தினமும் பாருங்கள்.