எந்தப் பதிவேட்டில் பெயர் ஏறும்?

அன்புள்ள ஐயா,

தோட்டத்தை விட்டு வெளியேறிய பிறகு சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) குடியிருக்கிறோம். மருத்துவமனையில் குத்தகை நிறுவனம் ஒன்றின் வழியாகத் துப்புரவு வேலை செய்கிறேன். மகள் ஐந்தாம் படிவ இறுதித் தேர்வான எஸ்.பி.எம். தேர்வில் தேசிய மொழி, கணிதம், அறிவியல் உட்பட ஐந்து பாடங்களில் கிரெடிட் (சாதாரணத் தேர்ச்சியைவிட உயர்ந்த தரம்) பெற்றிருக்கிறாள். ஆங்கிலத்தில் தேர்ச்சி மட்டும். தாதியாக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. கோயில் மண்டபத்துக்கு வந்த ஒரு கல்லூரி முகவர், ஓராண்டு சுகாதாரப் பராமரிப்புச் சான்றிதழ் படித்தாலே தாதி வேலை கிடைத்துவிடும் என்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் 500 வெள்ளி (ரிங்கிட்) முன்பணம் கேட்கிறார். தாதி படித்தவர்கள் வேலையில்லாமல் இருந்ததைப் பார்த்தவர் என் அண்ணன். பிசியோதெரப்பி படிக்கட்டும் என்கிறார். எதைச் செய்வது?

க., சுங்கை சிப்புட்

அன்புள்ள சகோதரி,

முதலில், அந்த 500 வெள்ளியை இப்போது கட்டாதீர்கள். உங்கள் மகள் வாங்கியிருக்கும் மதிப்பெண்களுக்கு அந்தச் சான்றிதழ் தேவையே இல்லை.

நீங்கள் வார்டில் வேலை செய்பவர் என்பதால் இதை எளிதில் காட்டிவிடலாம். மருந்து வண்டி கட்டிலுக்குக் கட்டில் நகரும்போது கவனித்திருப்பீர்கள். தாதி நோயாளியின் கைப்பட்டையைப் பார்த்துப் பெயரைக் கேட்டு, மருந்துத் தாளோடு ஒப்பிட்டு, கொடுத்து முடித்ததும் அந்தத் தாளில் கையெழுத்து வைக்கிறார். இன்சுலின் போன்ற மருந்தாக இருந்தால் இன்னொரு தாதியும் அளவைச் சரிபார்க்கிறார். அதே வார்டில் நோயாளியைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்து, சக்கர நாற்காலியில் எக்ஸ்ரேக்குக் கொண்டுபோகும் உதவியாளரும் இருக்கிறார். அவருடைய உழைப்பும் மதிப்புக்குரியதே. ஆனால் மருந்துத் தாளில் அவர் கையெழுத்து வைக்க முடியாது. ஓராண்டுச் சான்றிதழ் உங்கள் மகளைக் கொண்டுபோய் நிறுத்தும் இடம் அதுதான். பல ஆண்டுகள் வேலை செய்தாலும் அந்த அனுபவத்தைக் கொண்டு மட்டும் அவளால் பதிவுபெற்ற தாதியாக முடியாது. மறுபடியும் முதலாம் ஆண்டிலிருந்து டிப்ளோமா படிக்க வேண்டியிருக்கும். முகவர் சொல்லாமல் விட்டது இதைத்தான், அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

நம் நாட்டில் தாதியர் தொழில் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகிறது. மலேசியத் தாதியர் வாரியம் ஏற்றுக்கொண்ட மூன்றாண்டு டிப்ளோமாவை முடித்து, வாரியத்தின் தகுதித் தேர்வில் தேறி, பதிவேட்டில் பெயர் ஏறிய பிறகு, ஆண்டுதோறும் பணிச் சான்றிதழைப் புதுப்பித்துக்கொண்டுதான் ஒருவர் தாதியாகப் பணிபுரிய முடியும். டிப்ளோமாவில் சேர வழக்கமாகக் கேட்கப்படும் ஐந்து கிரெடிட்டுகள் உங்கள் மகளிடம் இருக்கின்றன. நிபந்தனைகள் அவ்வப்போது மாறுவதுண்டு என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை ஒருமுறை படித்துவிடுங்கள்.

உங்கள் அண்ணன் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. 2010ஆம் ஆண்டையொட்டித் தனியார் தாதியர் கல்லூரிகள் பெருகி, படித்து முடித்தவர்கள் வேலைக்கு அலைந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். கல்விக்கடன் மட்டும் மிஞ்சிய வீடுகள் பல. இன்று நிலைமை வேறு. அனுபவமுள்ள தாதியர் சிங்கப்பூருக்கும் சவூதி அரேபியாவுக்கும் போய்க்கொண்டே இருக்கிறார்கள். இங்குள்ள மருத்துவமனைகள் ஆட்களைத் தேடுகின்றன.

பிசியோதெரப்பியும் நல்ல படிப்புதான். அது 2016ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தில் அடங்கும் 23 தொழில்களில் ஒன்று. எக்ஸ்ரே எடுக்கும் ரேடியோகிராஃபர், ஆய்வகத் தொழில்நுட்பர், உணவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர் ஆகியோரும் அதில் வருகிறார்கள். எக்ஸ்ரேக்கும் ஆய்வகத்துக்கும் டிப்ளோமா வழி உண்டு. பேச்சுப் பயிற்சிக்குப் பட்டப்படிப்பு வேண்டும். பக்கவாதத்தில் பேச்சிழந்த நம் முதியவர்களுக்குத் தமிழிலேயே பயிற்சி தரக்கூடியவர் கிடைப்பது அரிது என்பதால், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிவம் ஆறு படிக்கப்போகும் நம் பிள்ளைகள் அதை மனத்தில் வைக்க வேண்டும் என்று விரும்புகிறேன். தோட்டத்தில் சிகிச்சை தந்தவரை நம் பெரியவர்கள் டிரெஸ்ஸர் என்று அழைத்தார்களே, அந்தப் பணிதான் இன்று உதவி மருத்துவ அதிகாரி என்ற பெயரில் தொடர்கிறது. அதற்கும் மூன்றாண்டு டிப்ளோமா உண்டு, பெண்களும் சேரலாம்.

ஆனாலும் மகள் விரும்புவது தாதியர் பணியை. அந்த விருப்பத்தை மாற்ற வேண்டிய காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. தாதியான பிறகும் படிப்பு நின்றுவிடுவதில்லை. தீவிர சிகிச்சை, அறுவை அரங்கு, பிரசவம், சிறுநீரகம் என்று போஸ்ட் பேசிக் எனப்படும் மேற்பயிற்சிகள் இருக்கின்றன. வேலை பார்த்துக்கொண்டே பட்டமும் பெறலாம். என்னைக் கேட்டால் சிறுநீரகப் பிரிவைச் சொல்வேன். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், நாட்டில் வயதுவந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. சிறுநீரகம் செயலிழப்பதற்கு அதுவே முதன்மைக் காரணம். டையாலிசிஸ் (இரத்தச் சுத்திகரிப்பு) நாற்காலியில் வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் அமர்ந்திருக்கும் முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் "கண்ண இருட்டிக்கிட்டு வருது மிஸ்ஸி" என்று முனகும்போது, அது இரத்த அழுத்தம் இறங்குவதன் அறிகுறி என்று உடனே புரிந்துகொள்ளும் தாதி அருகில் இருந்தால், பெரிய ஆபத்து ஒன்று அந்த நிமிடமே தவிர்க்கப்படுகிறது.

செலவைப் பற்றி. சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களுக்கு முதலில் விண்ணப்பியுங்கள். போட்டி கடுமை, ஆனால் இடம் கிடைத்தால் குடும்பத்தின் சுமை பெருமளவு குறையும். தனியார் மருத்துவமனைகள் சில, படிப்புச் செலவை ஏற்று, முடித்த பின் சில ஆண்டுகள் அங்கேயே வேலை செய்ய ஒப்பந்தம் போடுகின்றன. எத்தனை ஆண்டுகள், இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற இரண்டையும் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். தனியார் கல்லூரி என்றால், அந்தப் படிப்புக்கு மலேசியத் தகுதி முகமையின் அங்கீகாரமும் தாதியர் வாரியத்தின் ஒப்புதலும் இருக்கின்றனவா, பயிற்சிக்கு எந்த மருத்துவமனை, சென்ற முறை தகுதித் தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள், பி.டி.பி.டி.என். என்னும் அரசு உயர்கல்விக் கடன் கிடைக்குமா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

மகளின் ஆங்கிலத்தை இந்த இடைவெளியில் கவனியுங்கள். பாடநூல்களும் மருந்துப் பெயர்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கும். பின்னாளில் வெளிநாடு போக நினைத்தாலும் அதுவே குறுக்கே நிற்கும். உங்கள் வார்டு சிஸ்டரிடம் மகளை ஒருநாள் அழைத்துப்போய்ப் பேசவையுங்கள். இரவு வேலையைப் பற்றியும் அவரிடமே கேட்கட்டும். முகவர் மறுபடி வந்தால், படிப்பை முடித்ததும் மகளின் பெயர் எந்தப் பதிவேட்டில் ஏறும் என்று அவரையே எழுதித் தரச் சொல்லுங்கள்.