பள்ளிக்குச் சேர்த்த பணம்: டிரஸ்ட்காரரிடம் கொடுக்கலாமா?

கேள்வி: குடியாத்தம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அங்குள்ள அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்றாகப் பத்தாவது முடித்தவர்கள் சேர்ந்து 1,80,000 ரூபாய் திரட்டியிருக்கிறோம். ஓவிய ஆசிரியர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. ஊரில் ஒரு கூத்து வாத்தியார் இருக்கிறார். அவரும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்தால் நல்லது என்று ஆசை. வேலூரிலிருந்து ஒரு டிரஸ்ட்காரர், "பணத்தை எங்களிடம் கொடுங்கள், சி.எஸ்.ஆரில் இரண்டு மடங்காக்கி, வாத்தியங்கள் வாங்கி, ஓவியத்துக்கு ஆளும் போட்டுத் தருகிறோம், வருமான வரிச்சலுகைக்கு 80ஜி ரசீதும் உண்டு" என்கிறார். எங்களில் ஒருவர் அமெரிக்காவில் இருக்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் சொல்வதில் முக்கியமானவை அவர் கையில் இல்லாதவை.

சி.எஸ்.ஆர். என்பது பெரிய கம்பெனிகள் தங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்ற 2013-ஆம் ஆண்டுச் சட்டம். எங்கே செலவிடுவது என்பதைக் கம்பெனியின் இயக்குநர் குழு முடிவு செய்யும். ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலை எதுவும் நீங்கள் போட்ட பணத்துக்குச் சமமாகப் போட்டாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இரண்டு மடங்கு என்று ஒருவர் சொன்னால், சீட்டுக் கம்பெனிக்காரர் பேச்சைக் கேட்பதுபோல் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் இப்படி வந்தவர் நூற்றுக்குப் பதினைந்து 'நிர்வாகச் செலவு' என்று முதலிலேயே எடுத்துக்கொண்டார். மீதியில் வந்தது ஒரு ஹார்மோனியம், இரண்டு மிருதங்கம், ஒரு பேனர். மூன்று வருடம் கழித்து நான் தலைமையாசிரியர் அறை பீரோவைத் திறந்து பார்த்தேன். ஹார்மோனியத்தின் துருத்தியை எலி கடித்திருந்தது. மிருதங்கம் பிளாஸ்டிக் உறையே பிரிக்காமல் தோல் தளர்ந்து கிடந்தது. பேனர் மட்டும் புதிதுபோல் இருந்தது. வாத்தியத்துக்கு முன்னால் வாத்தியார் வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்தது, 'ஆள் போட்டுத் தருகிறோம்' என்பது. இதைத்தான் நான் எங்கே போனாலும் கத்திக்கொண்டிருக்கிறேன். ஓவியத்தில் அரசு தொழில்நுட்பத் தேர்வின் ஹையர் கிரேடு முடித்து, டி.டி.சி. என்ற ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழும் வாங்கி, வேலை இல்லாமல் இருக்கும் பிள்ளைகள் நம் மாவட்டத்தில் நிறைய. அவர்களிடம் போய், "இப்போது தற்காலிகம், நாளைக்கு நிரந்தரம்" என்று சொல்லிப் பணம் பறிக்கும் கூட்டம் இருக்கிறது. உங்கள் நன்கொடையைக் காட்டித்தான் அந்த வியாபாரம் நடக்கும். நிரந்தரத்தின் லட்சணத்தைக் கேளுங்கள்: 2012-இல் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி என்று பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பகுதிநேர ஆசிரியராக 5,000 ரூபாய்க்கு அரசே எடுத்தது. 12,500-ஐ எட்டவே 2024 ஆயிற்று. நிரந்தரம் கேட்டு அவர்கள் எத்தனை முறை சென்னையில் உட்கார்ந்தார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை. 2022 முதல் வருடா வருடம் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்தி, கலையரசன், கலையரசி பட்டம் கொடுக்கிறோம், நல்லதுதான். ஆனால் போட்டிக்குப் பிள்ளையைத் தயார் செய்வது பெரும்பாலும் கணக்கு டீச்சர், யூடியூப் பார்த்து.

சரி, உங்கள் பணத்துக்கு வழி. பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தனி வங்கிக் கணக்கு உண்டு. குழுவின் தலைவர் ஒரு பெற்றோர். 2024-இல் குழுக்களைத் திருத்தி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். குழுக் கூட்டத்தில் தீர்மானம் எழுதச் சொல்லுங்கள்: எதற்கு, எவ்வளவு, எத்தனை மாதம், யாருக்கு. 'பணி நியமனம் அல்ல, மதிப்பூதியம் மட்டும்' என்ற வரி அதில் கட்டாயம் இருக்கட்டும். பிறகு காசோலை கொடுங்கள். ரொக்கம் வேண்டாம், தலைமையாசிரியர் உங்கள் சித்தப்பாவாகவே இருந்தாலும்.

தீர்மானத்தின் நகலை வைத்து முதன்மைக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். 2024 செப்டம்பரில் சென்னை அரசுப் பள்ளி ஒன்றில் வெளியாள் ஒருவரின் சொற்பொழிவு பெரிய சர்ச்சையானதிலிருந்து, வெளியாள் என்றாலே அலுவலகம் நடுங்குகிறது. கோப்பு மேசைக்கு மேசை உட்கார்ந்து எழுந்து வரும். போய் நின்றால்தான் நகரும். 2019-இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது குடியாத்தம் வேலூரோடு தங்கியதில் உங்களுக்கு அலைச்சல் குறைவு. ஆம்பூர்க்காரர் என்றால் திருப்பத்தூர் போக வேண்டும்.

வரிச்சலுகை வேண்டும் என்பவர் மட்டும் அரசின் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் வழியாக உங்கள் பள்ளியின் பெயரைக் குறிப்பிட்டுக் கொடுக்கட்டும். அங்கே ரசீது வரும். புதிய வரிமுறையில் இருப்பவருக்கு 80ஜி கழிவே கிடையாது என்பதை டிரஸ்ட்காரர் சொல்லியிருக்க மாட்டார்.

அமெரிக்க நண்பர் விஷயத்தில்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். அவர் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவர் அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டிருந்தால் கதை வேறு. இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் சரி, நம் ஊரிலேயே பிறந்தவராக இருந்தாலும் சரி, சட்டத்துக்கு அவர் வெளிநாட்டவர். அவர் பணம் எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வரும். அந்தப் பதிவு இல்லாதவர்கள் அதை வாங்கக் கூடாது. "என் தம்பி கணக்குக்குப் போட்டு, தம்பி கொடுக்கட்டும்" என்பார். அந்தக் குறுக்கு வழியும் வேண்டாம். அவர் பணம் உங்கள் 1,80,000-இல் ஏற்கெனவே கலந்திருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். கலந்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு, பதிவு உள்ள அமைப்பாகப் பார்த்து அவரே கொடுக்கட்டும்.

கணக்கு இப்படி வரும். ஓவியத்துக்கு வாரம் இரண்டு பிற்பகல், கூத்துக்கு இரண்டு. ஒரு பிற்பகலுக்கு 700 ரூபாய், வருடத்துக்கு 30 வாரம் என்றால் 84,000. இரண்டு வருடத்துக்கு 1,68,000. மீதி 12,000-இல் சார்ட், வண்ணம், அரிதாரம். கிரீடமும் தோளில் கட்டும் புஜக்கட்டையும் புதிதாகச் செய்ய வேண்டாம். வாத்தியாரிடமே பழையது இருக்கும், பிள்ளைகளை விட்டுச் சாயம் பூசச் சொல்லுங்கள், ஓவிய வகுப்பும் ஆயிற்று. மண் வேலையும் வேண்டுமென்றால் காட்பாடி பக்கம் மண்பாண்டம் செய்யும் கரிகிரிக்கு ஒரு நாள் அழைத்துப் போங்கள்.

கூத்து வாத்தியாரிடம் ஆடி மாதத்தில் போய்ப் பேசாதீர்கள். பங்குனியிலிருந்து திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து, ஊர் ஊராகப் போய்க்கொண்டிருப்பார். ஆவணி பிறந்த பிறகு போங்கள். அதுவும் காலையில் வேண்டாம்; முந்தின இரவு எங்காவது ஆடியிருந்தால் தூங்கிக்கொண்டிருப்பார்.