குடிகாரப் பயணியின் வீடியோவைப் பார்த்துப் பயந்த அம்மாவுக்கு

மகளுக்கு விமானப் பணிப்பெண் வேலை சரிவருமா என்று பேச, போன சனிக்கிழமை களுவாஞ்சிக்குடியிலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு வந்த அம்மாவுக்கு,

இதை எல்லோரும் படிக்கும்படி எழுதலாமா என்று கேட்டேன், சரி என்றீர்கள். ஆளை அடையாளம் தெரியாதபடி இரண்டொரு விஷயத்தை மாற்றியிருக்கிறேன்.

கதிரையில் உட்கார முதலே போனை என்னிடம் நீட்டினீர்கள். கனடாவிலிருந்து உங்கள் தம்பி அனுப்பிய வீடியோ. விமானத்துக்குள் ஒருவன் வெறியில் கத்துகிறான், சீருடை போட்ட பெண்பிள்ளை ஒருத்தி அவன் முன்னால் நிற்கிறாள். "இதுக்கா மிஸ் என்ர பிள்ளைய அனுப்பச் சொல்றீங்க?" என்று கேட்டீர்கள். "அப்படியெல்லாம் நடக்காதம்மா" என்று ஆறுதலுக்குச் சொல்லிவிட்டேன். நீங்கள் போனபிறகு யோசித்தால் அது பிழை என்று பட்டது. நடக்கும். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் கணக்கில் 2021இல் 835 பறப்புகளுக்கு ஒரு தடவை யாராவது ஒரு பயணி குழப்பம் செய்திருக்கிறார். 2022இல் 568 பறப்புகளுக்கு ஒன்று. கைநீட்டும் அளவுக்குப் போவது அபூர்வம், அந்த வருடம் 17,200 பறப்புகளுக்கு ஒன்று. சொல்லுக் கேளாமை, வாய்ப்பேச்சு, வெறி, இவைதான் கூட. ஐந்தாறு வருடம் அந்த வேலையில் இருந்தால் உங்கள் மகளும் அப்படி ஒருவனைச் சந்திப்பாள் என்று வைத்துக்கொண்டே பேசுவோம்.

அதற்கு முதல் உங்கள் தம்பியின் யோசனை. பிள்ளை உயர்தரப் பரீட்சையை உயிரியல் பிரிவில் இரண்டு தரம் எழுதியும் மருத்துவத்துக்கு வெட்டுப்புள்ளி கிடைக்கவில்லை. அதனால் வெளிநாட்டில் காசு கட்டி மருத்துவம் படிக்க வைப்போம், ஏஜென்ட் சொன்ன தொகையில் பாதியை நான் தருவேன், மீதிக்கு வீட்டை ஈடு வைக்கலாம் என்கிறார். தாய்மாமன் சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் எவ்வளவு பாரம் என்று எனக்குத் தெரியும். ஆனால் மட்டக்களப்பில் வீடு யாருக்கு? பெண்பிள்ளைகளுக்கு. நீங்கள் ஈடு வைக்கப்போகும் வீடு உங்கள் இளைய மகளின் சீதன வீடு. அவள் இப்போதுதான் எட்டாம் வகுப்பு. மூத்தவளுக்கு விருப்பமில்லாத ஒரு படிப்புக்காக இளையவளின் வீட்டை வைப்பதற்கு நான் ஒருநாளும் ஆம் சொல்லமாட்டேன். வெளிநாட்டில் ஐந்து ஆறு வருடம் படித்து முடித்து வந்தாலும், இலங்கை மருத்துவ சபையில் பதிய அவர்களுடைய பரீட்சையை எழுதிச் சித்தியடைய வேண்டும். அந்தப் பரீட்சையைப் பற்றி ஏஜென்ட் உங்களிடம் வாயே திறக்கவில்லை.

இன்னொன்று. ஒரு மணித்தியாலம் பேசினோம். டொக்டர் என்ற சொல்லை நீங்கள் சொன்னீர்கள், நான் சொன்னேன், போனில் உங்கள் தம்பி சொன்னார். பிள்ளை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

ஆசிரியர் கல்லூரி, தாதியர் பயிற்சி, அரசாங்க வேலை இவற்றைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அவற்றைச் சொல்லித்தர ஊரில் ஆள் இருக்கிறது.

நீங்கள் தம்பியோடு பேச வெளியே போயிருந்தபோது, ஏன் விமான வேலை என்று மகளிடம் கேட்டேன். நாடு பார்க்கலாம், அழகாக உடுக்கலாம் என்று சொல்லுவாள் என நினைத்தேன். அவள் கல்முனை பஸ்ஸில் நடந்த ஒன்றைச் சொன்னாள். ரியூசன் முடிந்து வரும்போது வெறியில் ஒருவர் ஒரு வயோதிப அம்மாவின் மேல் சாய்ந்து சாய்ந்து விழுந்திருக்கிறார். பஸ் நிறைய ஆள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. இவள் எழும்பி, "அம்மம்மா, இதில வந்து இருங்க" என்று தன் இடத்தைக் கொடுத்து அவரை முன்னால் கொண்டுவந்து, கொண்டக்டரிடம் மெதுவாகச் சொல்லியிருக்கிறாள். அந்த மனிதரோடு சத்தம் போடவில்லை. "பயம் வரல்லயா?" என்று கேட்டேன். "வந்தது மிஸ், ஆனா என்ன செய்யலாம் எண்டுதான் யோசிச்சன்" என்றாள்.

பாதிக்கப்படுகிறவரை விலக்கு, குரலைத் தாழ்த்து, பொறுப்பானவருக்கு அறிவி. விமான நிறுவனங்கள் காசும் காலமும் செலவழித்துச் சொல்லிக்கொடுக்கும் பாடத்தின் முதல் பக்கத்தைச் சொல்லித்தர ஆளில்லாமலே அவள் செய்திருக்கிறாள்.

இனி அந்தப் பாடம் என்னவென்று கேளுங்கள். வீடியோவில் நீங்கள் பார்த்தது கடைசி இரண்டு நிமிடம் மட்டும்.

விமான வாசலில் நின்று வணக்கம் சொல்கிறார்களே, அந்த நேரத்திலேயே வேலை தொடங்கிவிடுகிறது. ஏறுகிறவரின் கண், நடை, நாக்கு, மணம் எல்லாவற்றையும் கவனிக்கிறார்கள். ஒருவர் நிலை சரியில்லை என்று பட்டால் மூத்த பணியாளருக்குச் சொல்ல, அவர் கெப்டனுக்குச் சொல்ல, கதவு மூடமுதல் இறக்கிவிடலாம். வானத்தில் படப்போகும் பாட்டை நிலத்திலேயே முடித்துவிடப் பார்ப்பார்கள்.

ஏறியபிறகு குடிக்கிறவரை வேறு மாதிரிக் கவனிக்க வேண்டும். பறக்கும்போது விமானத்துக்குள் காற்றமுக்கம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரமான மலையில் நிற்பதைப் போல இருக்கும். நுவரெலியாவுக்கும் பீதுருதாலகால உச்சிக்கும் நடுவில் ஓரிடம் என்று நினையுங்கள். ஒட்சிசன் குறைவு, காற்று காய்ந்தது, ஆள் களைப்பு, வெறுவயிறு வேறு. கீழே இரண்டு கிளாஸ் தாங்குகிறவர் மேலே அதே இரண்டில் தடுமாறலாம். ஆகவே எந்த ஆசனத்துக்கு எத்தனை போனது என்று பணியாளர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். வீதி விளக்குப்போல மூன்று நிறமாகப் பிரித்துப் பார்ப்பதும் உண்டு. கலகலவென்று பேசினால் பச்சை. குரல் கூடி, பக்கத்து ஆசனக்காரருக்குத் தொல்லையாகத் தொடங்கினால் மஞ்சள். நாக்குக் குழறி, கால் தடுமாறி, கோபம் ஏறினால் சிவப்பு, அதற்குப் பிறகு ஒரு துளியும் கிடையாது. மஞ்சளிலேயே பிடித்துவிடுவதில்தான் கெட்டித்தனம் இருக்கிறது. "நீங்கள் வெறியில் இருக்கிறீர்கள்" என்று சொல்லவே மாட்டார்கள். சாப்பாடு கொண்டுபோவார்கள், தண்ணீர் கொண்டுபோவார்கள், அடுத்த கிளாஸைத் தாமதப்படுத்துவார்கள், ஊர் எது, பிள்ளைகள் எத்தனை என்று கதை கொடுப்பார்கள். தீர்வையில்லாக் கடையில் வாங்கிய போத்தலை ஆசனத்தில் வைத்து உடைத்துக் குடிக்க அநேகமான நிறுவனங்கள் விடுவதில்லை. பணியாளர் ஊற்றித் தராத மதுவைக் குடிக்கக்கூடாது என்பது அமெரிக்காவில் சட்டமே.

"சாராயம் ஊத்துற வேலை" என்று உங்கள் தம்பி சொன்னது எனக்கு மிகவும் மனவருத்தம். அந்த விமானத்தில் இனி இல்லை என்று சொல்லும் அதிகாரமும் ஊற்றுகிற அதே கையில்தான் இருக்கிறது.

இன்னொரு விஷயம் கேளுங்கள், உயிரியல் படித்த பிள்ளைக்கு இது பிடிக்கும். தடுமாறுகிறவர் எல்லோரும் குடித்தவர் இல்லை. சீனி வருத்தக்காரருக்குச் சீனி இறங்கினாலும் நாக்குக் குழறும், வியர்க்கும், எரிச்சலும் கோபமும் வரும். பாரிசவாதம் தொடங்கும்போதும் பேச்சுக் குழறும். குடிகாரன் என்று முடிவெடுத்து ஒதுக்கிவிட்டால் ஓர் உயிர் போகலாம். அதனால்தான் முதலுதவி, இதயம் நின்றால் நெஞ்சை அழுத்துவது, விமானத்தில் பிள்ளைப்பேறு பார்ப்பது வரைக்கும் பயிற்சியில் வருகிறது. இரண்டு தரம் எழுதிய உயர்தரம் வீணாகிப்போகவில்லை.

சொல்லுக் கேட்காவிட்டால் அடுத்த படி. ஒருவர் பேச, மற்றவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வார். தனியாக ஒருத்தியை விடமாட்டார்கள். இளம் பெண்ணிடம் கெட்ட வார்த்தை பேசினால் ஆளை மாற்றி வேறொருவர் போவார். நேருக்கு நேர் முட்டாமல் கொஞ்சம் பக்கவாட்டில், கைக்கு எட்டாத தூரத்தில், கை வெளியே தெரியும்படி நிற்பார்கள். வாய்மூல எச்சரிக்கை, பிறகு கெப்டனின் பெயரால் எழுத்து எச்சரிக்கை. குழப்பத்தை நான்கு மட்டமாகப் பிரித்திருக்கிறார்கள்: வாய்ப்பேச்சு, கைநீட்டல், உயிராபத்து, விமானி அறைக்குள் புக முயல்தல். எந்த மட்டத்துக்கு என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதி, பழக்கிப் பழக்கி உடம்பில் ஏற்றிவிடுவார்கள்.

கட்டுப்படுத்துவது கடைசி வழி. பிளாஸ்ரிக் கைவிலங்கு, பட்டி எல்லாம் விமானத்தில் இருக்கும். கட்டியபிறகும் அவரைத் தனியே விடமாட்டார்கள். மூச்சு ஒழுங்காக வருகிறதா, கை வீங்குகிறதா என்று பார்க்கவேண்டும், அவசரமாக இறங்க நேர்ந்தால் வெட்டிவிட ஒருவர் தயாராக இருக்கவேண்டும். முழு விமானத்தையும் 90 செக்கனில் வெளியேற்ற முடியும் என்று நிரூபித்த பின்னரே அந்த வகை விமானத்துக்கு அனுமதி கிடைக்கும். நடைபாதையில் விழுந்துகிடக்கும் ஒரு குடிகாரனால் அந்த 90 செக்கன் போய்விடும். இவ்வளவு கண்டிப்பு அதற்காகத்தான்.

2001 செப்டம்பர் 11க்குப் பிறகு விமானி அறையின் கதவு பலப்படுத்தப்பட்டு, பறக்கும்போது பூட்டியே இருக்கிறது. சண்டை பிடிக்கக் கெப்டன் வெளியே வரமாட்டார். ஆனால் விமானத்துக்குள் நடக்கும் குற்றங்களைப் பற்றிய 1963ஆம் ஆண்டு டோக்கியோ உடன்படிக்கை அவருக்குத் தந்த அதிகாரம் உங்கள் மகளின் கைக்கு வருகிறது. குழப்பக்காரரைக் கெப்டன் கட்டச் சொல்லலாம், விமானத்தை இடையில் இறக்கலாம், இறங்கியதும் பொலிசிடம் ஒப்படைக்கலாம். பணியாளருக்கு உத்தரவிடலாம், பயணிகளிடம் உதவி கேட்கலாம். முன்பெல்லாம் விமானம் எந்த நாட்டில் பதியப்பட்டதோ அந்த நாட்டுச் சட்டம்தான் என்பதால், இறங்கிய நாட்டில் பலரை விட்டுவிடுவார்கள். 2014இல் மொன்றியலில் அதைத் திருத்தினார்கள். 2020 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதை ஏற்றுக்கொண்ட நாடுகளில், விமானம் இறங்கும் நாடும் வழக்குப் போடலாம். கல்முனை பஸ்ஸில் பிள்ளைக்குப் பின்னால் யார் நின்றார்கள், அம்மா? அதே பஸ்ஸில் நாளைக்கும் அனுப்பத்தானே போகிறீர்கள்.

தொடுவார்கள், கெட்ட பேச்சு வரும், அதை நான் மறைக்கவில்லை. நித்திரை குழம்பும், சித்திரை வருடத்துக்கு வீட்டில் இருக்கமாட்டாள், நாரி நோகும், ஒப்பந்த வேலை. போட்டியும் கடுமை, முதல் தரமே எடுபடுவாள் என்று யாரும் வாக்குத் தரமுடியாது.

காசு விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன். "விமானப் பணிப்பெண் டிப்ளோமா, வேலை நிச்சயம்" என்று விளம்பரம் போட்டு இலட்சக்கணக்கில் கேட்கும் இடத்துக்கு ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். தெரிவுசெய்தபிறகு நிறுவனமே பயிற்சி தரும். எமிரேட்ஸ் கேட்பதைப் பாருங்கள்: 21 வயது, உயர்தரம் வரை படிப்பு, சரளமான ஆங்கிலம், 160 சென்ரிமீற்றர் உயரம், நுனிக்காலில் நின்றால் 212 சென்ரிமீற்றர் எட்டவேண்டும், வாடிக்கையாளரோடு பழகும் வேலையில் ஒரு வருட அனுபவம். விண்ணப்பத்துக்குக் காசு வாங்குவதில்லை. யாராவது கேட்டால் அது மோசடி.

உங்கள் மகளுக்கு இப்போது இருபது. இருக்கும் ஒரு வருடத்தில் பாசிக்குடாவிலோ அறுகம்பேயிலோ நல்ல ஹோட்டலில் வரவேற்புப் பகுதியில் சேரட்டும். சம்பளமும் வரும், ஆங்கிலமும் வரும், கோபக்கார விருந்தாளியைச் சமாளிக்கவும் பழகுவாள். விமானம் சரிவராவிட்டாலும் அந்த வருடம் கையில் நிற்கும். செலவென்றால் பாஸ்போர்ட், பேச்சு ஆங்கில வகுப்பு, நேர்முகத்துக்கு உதயதேவி ரயிலில் கொழும்புக்குப் போய்வரும் காசு. வீட்டுப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும்.

என் அறைச் சுவரில் 212இல் பென்சிலால் ஒரு கோடு கீறியிருக்கிறேன். நீங்கள் வெளியே நின்றபோது செருப்பைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தாள், விரல் கோட்டுக்கு மேலே போனது. உங்களிடம் சொல்லவேண்டாம், அம்மா ஓம் என்ற பிறகு சொல்கிறேன் என்றாள். மன்னிக்கவேண்டும், நான் சொல்லிவிட்டேன்.

உங்கள் தம்பியோடு நானே பேசுகிறேன். எங்கள் நேரம் இரவு எட்டு மணிக்குப் பிறகு எடுக்கச் சொல்லுங்கள், அங்கே அப்போது காலையாக இருக்கும். தருவதாகச் சொன்ன காசில் ஆங்கில வகுப்புக்கு மட்டும் போதும் என்று கேட்கப்போகிறேன்.