ஜெர்மன் மூதாதையர்: எந்தப் பதிவேட்டில் தேடுவது?

கேள்வி: என் கணவரின் கொள்ளுத்தாத்தா 1893-இல் ஜெர்மனியில் பிறந்தார், 1961-இல் அங்கேயே காலமானார். பிறந்த ஊர் சரியாகத் தெரியவில்லை. பதிவுகளை யாரிடம் கேட்பது? கொடுப்பார்களா?

பதில்: தாராளமாகக் கொடுப்பார்கள். 2009 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி பிறப்புப் பதிவு 110 ஆண்டுகள், திருமணம் 80, இறப்பு 30 ஆண்டுகள் வரைதான் ஷ்டாண்டஸ்அம்ட் என்னும் பதிவு அலுவலகத்தின் பொறுப்பில் இருக்கும். அதுவரை நேர் வாரிசு என்று நிரூபிக்க வேண்டும். கெடு முடிந்தால் ஏடு ஆவணக் காப்பகத்துக்குப் போய்விடும், யாரும் கேட்கலாம். உங்கள் இரண்டு பதிவுகளுக்குமே கெடு முடிந்துவிட்டது.

இறப்பிலிருந்து தொடங்குங்கள். 1938-க்குப் பிந்தைய இறப்புப் பதிவுப் படிவத்தில் பிறந்த தேதி, ஊரோடு, பிறப்பைப் பதிந்த அலுவலகத்தையும் பதிவு எண்ணையும் எழுத இடம் உண்டு. அது நிரப்பப்பட்டிருந்தால் பாதி வேலை முடிந்தது. ஒன்று கவனியுங்கள்: இறப்பு, குடியிருந்த ஊரில் அல்ல, உயிர் பிரிந்த ஊரில்தான் பதிவாகும். பக்கத்து நகர மருத்துவமனையில் இறந்திருந்தால் அந்த நகரத்துக்குத்தான் எழுத வேண்டும். தேடும் நேரத்துக்கும் கட்டணம் உண்டு என்பதால் தேதியைத் துல்லியமாகக் கொடுங்கள்.

ஊர்ப் பெயர் கிடைத்ததும் அவசரப்பட வேண்டாம். நோய்ஷ்டாட் என்ற பெயரில் மட்டும் பல ஊர்கள் உள்ளன. சிறு கிராமங்களுக்குத் தனி அலுவலகமும் இருக்காது. எந்தக் கிராமம் எந்த அலுவலகத்தைச் சேர்ந்தது என்பதை 1912-இல் வெளிவரத் தொடங்கிய மையர் ஊர் அகராதி சொல்லும். இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

சான்றிதழ் கேட்காதீர்கள், ஓரக்குறிப்புகளோடு ஏட்டுப் பக்கத்தின் நகலையே கேளுங்கள். பெற்றோரின் தொழில், மதம், தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் எல்லாம் அதில்தான் முழுமையாக இருக்கும். பிற்காலத்தில் நடந்த திருமணத்தையும் இறப்பையும் ஓரத்தில் குறித்திருப்பார்கள். கையெழுத்து குர்ரெண்ட் என்னும் பழைய ஜெர்மன் பாணியில் இருந்தால் 'e' எழுத்து 'n' போலத் தோன்றும். குடும்பப் பெயரைத் தவறாகப் படிக்க இதுவே பெரிய காரணம்.

கேள்வி: அவருடைய தாத்தா 1830 வாக்கில் பிறந்தவராம். அதற்கும் இதே வழிதானா?

பதில்: இல்லை. அரசுப் பதிவு அன்றைய பெரிய ஜெர்மன் மாநிலமான பிரஷ்யாவில் 1874 அக்டோபரிலும், ஜெர்மன் பேரரசு முழுவதும் 1876 ஜனவரியிலும்தான் வந்தது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ரைன் நதியின் மேற்குக்கரையில் 1798 வாக்கிலேயே தொடங்கிவிட்டது. மற்றப் பெரும்பாலான இடங்களில் தேவாலய ஏடுகளே கதி. புராட்டஸ்டண்ட் ஏடுகளுக்கு ஆர்க்கியோன் தளம் (கட்டணம் உண்டு), கத்தோலிக்க ஏடுகளுக்கு மாட்ரிகுலா தளம் (இலவசம்). அங்கே காணும் தேதி ஞானஸ்நானத் தேதியாக இருக்கலாம். '7பெர்' என்று எழுதியிருந்தால் ஜூலை அல்ல, செப்டம்பர்.